ஹலோ சொன்ன சுவர்

கொக்கியின் வீட்டுச் சமையலறைச் சுவர் பேசும்.

பெரிய பேச்சு என்று சொல்ல முடியாது. "ஹலோ" என்னும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ஹலோ". பிறகு ஒரு பெருமூச்சு. கடைசியில், "வச்சுட்டாங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும். மற்றபடி ஒரு சுவருக்கு உரிய அடக்கத்தோடு, நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் கொக்கி. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எதையாவது பிடித்துக்கொண்டால் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவள் கொக்கி. பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் இருந்தாள். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சுவர் ஹலோ சொல்லுது."

"பதிலுக்கு நீயும் சொல்லு. பெரியவங்ககிட்ட மரியாதையா இருக்கணும்," என்றார் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். பள்ளிக்கூடமே இல்லாதபோது சீருடை எதற்கு? ஒரு கை வைத்த சட்டைகளும் ஒரு கால் வைத்த நிக்கர்களுமாக வீடு முழுக்கத் தொங்கின.

"சுவருக்குப் பசிக்குது," என்றான் தம்பி. அவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம் பசிதான். சுவரோரமாக ஒரு பிஸ்கட்டை வைத்தான். மறுநாள் காலையில் பிஸ்கட் இல்லை.

"பாத்தியா," என்றான்.

எறும்புகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு காய்ச்சல் வந்திருந்தது. ஒருவரைத் தொட்டால் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல். எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மருத்துவர் வெளியே போகலாம், செவிலியர் போகலாம், காய்கறி வண்டிக்காரர் போகலாம். முடிதிருத்துகிறவர் போகக் கூடாது. தலையைத் தொடாமல் முடி வெட்டும் வித்தையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கொக்கியின் அப்பா முடிதிருத்துகிறவர். கடையைப் பூட்டும்போது, கூரை ஒழுகி வீணாகிவிடும் என்று கடை நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது சும்மா நாற்காலி இல்லை. இரும்புக் கால், சிவப்பு மெத்தை, பக்கத்தில் ஒரு நெம்புகோல். நெம்புகோலை மிதித்தால் ஆள் மேலே போவார், இழுத்தால் கீழே வருவார். முன்னறையில் வைத்தால் வாசல் கதவு திறக்கவில்லை. படுக்கையறையில் வைத்தால் படுக்க இடமில்லை. கடைசியில் சமையலறையில் அடுப்புக்கு எதிரே குடியேறியது. அதில் உட்கார்ந்து தோசைக்கல்லைப் பார்த்தால் ராஜா படையைப் பார்வையிடுவதுபோல் இருக்கும்.

கை சும்மா இருந்தால் அப்பாவுக்கு ஆகாது. முதல் வாரம் தம்பிக்கு முடி வெட்டினார். இரண்டாவது வாரமும் வெட்டினார். மூன்றாவது வாரம் வெட்டுவதற்குத் தம்பியின் தலையில் ஒன்றும் இல்லை. ஆகவே துடைப்பத்துக்கு நடு வகிடு எடுத்தார். பல் தேய்க்கும் பிரஷ்களுக்கு ஓரம் ஒதுக்கினார். பக்கத்து வீட்டுப் பூனை அப்பாவைப் பார்த்தால் ஒரு மைல் சுற்றிப் போகும்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அரிசி டப்பாவைத் தட்டினால் டங் டங் என்று சத்தம் கேட்டது. நிறைந்த டப்பா அப்படிச் சத்தம் போடாது.

வேலை நின்றுபோனவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தரும் என்று அறிவித்திருந்தார்கள். அப்பா மனுப் போட்டார். பதிலும் வந்தது. அலுவலகத்துக்கு வராதீர்கள், நாங்களே போனில் கூப்பிட்டு விசாரிப்போம், மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் மனு வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று.

"மூணு தடவையா? முதல் மணியிலயே எடுத்துருவேன்," என்றார் அப்பா. குளிக்கப் போகும்போதுகூட போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனார்.

அரசாங்கத்திலிருந்து போன் வரவே இல்லை.

வந்ததெல்லாம் நம்பர் இல்லாத அழைப்புகள். அவற்றை எடுக்கக் கூடாது. ஏன் என்றால், தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்து சொல்லிவிட்டுப் போனது: "நம்பர் தெரியாத அழைப்புகளை எடுக்காதீர்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள்." வண்டியும் அரசாங்க வண்டிதான்.

அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. போன வருடம் ஒருவன் போனில் கூப்பிட்டு, உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்றான். அவன் கேட்ட ரகசிய எண்ணை எல்லாம் அப்பா சொன்னார். கார் வரவில்லை. வங்கியில் இருந்தது மட்டும் கார் ஏறிப் போனதுபோல் போய்விட்டது.

அன்றிலிருந்து நம்பர் இல்லாமல் போன் அடித்தால், அப்பா ஆள்காட்டி விரலைச் சவரக் கத்திபோல் நீட்டி, சரக்கென்று வெட்டிவிடுவார்.

"எடுத்துப் பாக்கலாமேப்பா. அரசாங்கமா இருந்தா?" என்று கேட்டாள் கொக்கி.

"அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கு ஒரு நம்பர் இல்லாமலா போகும்?" என்றார் அப்பா.



அப்பாவே அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். எப்போது போட்டாலும், "நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் உள்ளது" என்றது.

வியாழக்கிழமை காலை, பழைய சாமான் கடைக்காரரோடு அப்பா போனில் மெதுவாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு, ஒரு துணியை எடுத்து நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு," என்றார் அம்மாவிடம்.

"அது போனா அப்புறம் கடையைத் திறந்து என்ன செய்வீங்க? ஆளுங்களை நிக்க வச்சு வெட்டுவீங்களா?" என்றார் அம்மா.

"குட்டையான ஆளாப் பாத்து வெட்டுறேன்," என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும்தான்.

கொக்கி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு நாள்தான். அதனால் ஆசை தீர மிதித்துக்கொண்டாள். தஸ் புஸ் என்று நாற்காலி மேலே போயிற்று. இன்னும் மிதித்தாள். இன்னும் போயிற்று. அவள் தலை, சுவரின் உச்சியில் இருந்த சதுர ஓட்டைக்கு நேரே வந்து நின்றது. எல்லா வீட்டுச் சமையல் புகையும் மேலே போவதற்காக அந்தக் கட்டடத்தில் வைத்திருந்த ஓட்டை அது. அம்மா முக்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரம்.

அப்பாவின் போன் அடித்தது. அப்பா பார்த்தார். நம்பர் இல்லை. விரலை நீட்டினார். சரக்.

"வச்சுட்டாங்க," என்றது சுவர், கொக்கியின் காதுக்குள்ளேயே.

கொக்கி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

எதையும் உடனே நம்பிவிடுகிறவள் இல்லை அவள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் இறங்கவே இல்லை. சாப்பாட்டைக்கூட மேலேயே வாங்கிச் சாப்பிட்டாள்.

கீழ் வீட்டு ஓட்டுநரின் ஜன்னலோரம் போன் அடித்து நின்றது. "வச்சுட்டாங்க," என்றது சுவர்.

எதிர் வாசல் சலவைக்காரர் வீட்டில் போன் அடித்து நின்றது. "வச்சுட்டாங்க. இவங்களும் வச்சுட்டாங்க," என்றது சுவர். அழுதுவிடும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொக்கி அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு மறுபடி நாற்காலியில் ஏறினாள்.

"இன்னிக்கு நம்பர் இல்லாம வந்தா வெட்டாதீங்கப்பா. எடுக்கவும் வேணாம். சும்மா அடிக்கட்டும்."

"எதுக்கு?"

"சுவர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

பெண்ணுக்கும் காய்ச்சலோ என்று அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நினைத்தார். அவள் நெற்றி எட்டவில்லை.

போன் அடித்தது. நம்பர் இல்லை. கொக்கி அதை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டைக்குள் வாயை வைத்து, "மாமா," என்றாள்.

சுவருக்குள் ஏதோ தடாலென்று விழுந்தது.

"யாரு?" என்றது சுவர்.

"நான் கீழ் வீடு. நீங்க யாருக்குப் போன் பண்றீங்க?"

"சொல்லக் கூடாது பாப்பா. ரகசியம். ஆபீஸ் விதி."

"எந்த ஆபீஸ்?"

சுவர் கொஞ்சம் யோசித்தது. "உதவித்தொகை கொடுக்கிற ஆபீஸ். காய்ச்சல்னால வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிட்டாங்க. இந்த வீட்டுல சமையலறையிலதான் சிக்னல் கிடைக்குது. இங்கேயே உட்கார்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தர்கூட எடுக்க மாட்டேங்கிறாங்க. இந்த மனுவுக்கு இது மூணாவது தடவை."

காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம்தான் மேல் வீட்டுக்கு ஒரு புது ஆள் குடிவந்திருந்தார். அதற்குள் கதவுகள் மூடிவிட்டதால் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"நீங்க ஏன் நம்பர் இல்லாமக் கூப்பிடுறீங்க?"

"நம்பர் தெரிஞ்சா எல்லாரும் திருப்பிக் கூப்பிடுவாங்களாம். அதனால மறைச்சு வைக்கணுமாம். அதுவும் விதிதான்."

கொக்கிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அரசாங்கத்தின் ஓர் அறை, நம்பர் இல்லாமல் கூப்பிடு என்கிறது. இன்னோர் அறை, நம்பர் இல்லாவிட்டால் எடுக்காதே என்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கும்போலிருக்கிறது. அதில் ஓட்டை இல்லை.

"மாமா, வச்சுடாதீங்க. இப்ப போன்ல 'கத்தரிக்காய்'னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, கொக்கி மடியிலிருந்த போனை எடுத்து அழுத்தினாள்.

"கத்தரிக்காய்," என்றது சுவர்.

"கத்தரிக்காய்," என்றது போன்.

"கேட்டீங்களாப்பா? ரெண்டும் ஒரே ஆள்."

அப்பாவின் முகம் மாறியது. "அடப்பாவி. ஏமாத்துக்காரன் நம்ம மேல் வீட்டுலயேவா இருக்கான்?"

இதைக் கொக்கி எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அப்பா கேட்டதும் நியாயம்தான்.

"மாமா, எங்கப்பா நம்ப மாட்டேங்கிறாரு. அடையாள அட்டை இருக்கா?"

காய்கறி வாங்குவதற்காக எல்லா வீட்டிலும் தெருவைப் பார்த்த மாடத்தில் கயிறு கட்டிய வாளி தொங்கிய காலம் அது. மேல் வீட்டு வாளி ஆடி ஆடி இறங்கி, மாடத்துக்கு வந்த அப்பாவின் மூக்குக்கு நேரே நின்றது. உள்ளே ஓர் அலுவலக அட்டை. முத்திரை, கையெழுத்து, புகைப்படம் எல்லாம் சரியாக இருந்தன. அட்டையை அப்பா வெயிலில் காட்டிப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். திருப்தி இல்லை.

"சார், கொஞ்சம் எட்டிப் பாருங்க," என்றார்.

மேல் மாடத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. முகம் என்று எதுவும் தெரியவில்லை. காக்கைக் கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் முடி. நடுவில் எங்கேயோ ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தது.

அப்பா ரொம்ப நேரம் அந்தத் தலையையே பார்த்தார்.

"நல்ல மனுஷன்தான்," என்றார் கடைசியில். "ஊரை ஏமாத்துறவன் கையில காசு புழங்கும். முதல் வேலையா ஆளை வீட்டுக்கு வரவழைச்சுத் திருட்டுத்தனமா முடி வெட்டிக்குவான். இந்த மனுஷன் விதியை மீறாம இருக்காரு. தலையே சாட்சி. போனைக் கொடு கொக்கி."

அப்பா போனை வாங்கிக் காதில் வைத்தார். வீட்டில் எத்தனை பேர், கடை எப்போது மூடினீர்கள், வேறு வருமானம் உண்டா என்று போன் கேட்டது. அதையே சுவரும் கேட்டது. தம்பி சுவருக்குப் பதில் சொன்னான்.

"ரகசிய எண் எதுவும் வேணாமா சார்?" என்றார் அப்பா, சந்தேகமாக.

"வேணாங்க. அதை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. உங்க மனு சரியா இருக்கு. அடுத்த வாரம் பணம் வந்துடும்."

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினார். ஏன் என்று தெரியாமல் எல்லாரும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொக்கி மட்டும் இறங்கவில்லை. "அப்போ ஓட்டுநர் மாமாவுக்கு? சலவைக்காரருக்கு? மத்தவங்களுக்கெல்லாம்?"

"யார் யாரு மனுப் போட்டிருக்காங்கன்னு நான் வெளியே சொல்லக் கூடாது பாப்பா. அப்படியிருக்க நான் எப்படி அவங்களை நம்ப வைக்கிறது?"

"யாருன்னு சொல்ல வேணாம் மாமா. எப்பன்னு சொன்னாப் போதும்."

கொக்கியின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நின்றது. வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு படியிறங்கி, அதன் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வாளியில் வைத்தாள். வாளி மேலே போயிற்று.

"ஒவ்வொரு தடவை கூப்பிடுறதுக்கு முன்னாடியும் மாடத்துல நின்னு மணி அடிங்க மாமா. மணி அடிச்ச உடனே வர்ற போன் நிஜம். மணி இல்லாம வந்தா வெட்டிறலாம்."

சுவர் விதிகளை எல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தது. "மணி அடிக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லை," என்றது.

இதைத் தெருவுக்குச் சொல்ல வேண்டுமே? காய்கறி வண்டிக்காரர் இருக்கும்போது என்ன கவலை. அன்று மத்தியானம் அவர் குரல் தெருத்தெருவாகக் கேட்டது.

"தக்காளீ... வெங்காயம்... மணி அடிச்சா போனை எடூ... முருங்கைக்காய்... ரகசிய எண் கேட்டா வச்சுடூ... புடலங்காய்..."

சிலர் ரகசிய எண் என்ன விலை என்று கேட்டார்களாம். மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை பழைய சாமான் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். சாமான் எடுத்துப் போக அவருக்கு அன்று ஒருநாள் மட்டும் அனுமதி கிடைத்திருந்தது. கீழே தெருவில் தள்ளி நின்று, "நாற்காலியை இறக்கலாமா அண்ணே?" என்றார்.

கொக்கி அப்பாவைப் பார்த்தாள். "அதான் பணம் வரப்போகுதே. குடுக்க மாட்டோம்னு சொல்லுங்க."

"வாக்குக் கொடுத்துட்டேன் கொக்கி. அவரும் கடையைப் பூட்டிட்டு உக்காந்திருக்கிறவர். இதை நம்பி வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்காரு," என்றார் அப்பா. நெம்புகோலை இழுத்தார். நாற்காலி புஸ் என்று இறங்கியது. தம்பி அதன் காலைக் கட்டிக்கொண்டான்.

மேலே மணி அடித்தது. ட்ரிங், ட்ரிங்.

தெருவில் இருந்த எல்லா ஜன்னல்களிலும் ஒவ்வொரு தலை முளைத்தது. எல்லாக் கையிலும் ஒரு போன். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

போன் அடித்தது பழைய சாமான் கடைக்காரரின் சட்டைப் பையில்.

அவர் எடுத்துப் பார்த்தார். "நம்பரே இல்லை. திருட்டுப் பய," என்று விரலை நீட்டினார்.

"வெட்டாதீங்க," என்றாள் கொக்கி மாடத்திலிருந்து.

"வெட்டாதீங்க," என்றார் அப்பா. தன் வாழ்நாளில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வெட்டாதீங்க," என்றது தெரு மொத்தமும். பயந்துபோன மனிதர் போனைக் காதில் வைத்தார். "ஆமா... ஆமா, நான்தான்... பழைய சாமான் கடைதான்... மூணு பிள்ளைங்க... அப்படியா?... அடுத்த வாரமா?" அப்படியே தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டி அவரை ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் உருண்டு போயிற்று. அவர் கவனிக்கவில்லை.

உருண்டு போய்த் திரும்பி வந்தவரிடம் அப்பா, "நாற்காலியை இறக்கட்டுமா?" என்றார்.

"எந்த நாற்காலி?" என்றார் அவர். பிறகு நினைவு வந்து, தலையைச் சொறிந்தார். விரல் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. "அதை நான் வாங்கி என்ன அண்ணே செய்யப்போறேன்? நீங்களே வச்சிருங்க. கடை திறந்ததும் முதல் வெட்டு எனக்கு. அதுதான் இப்ப அவசரம்."

"முதல் வெட்டு எனக்கு," என்றது மேல் மாடத்துத் தலை. "நான்தான் முதல்ல தலையைக் காட்டினேன்."

அதன் பிறகு மணிச் சத்தம் எட்டாத தெருக்களில் சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் மாடத்தில் காவல் உட்கார்ந்தார்கள். இந்தத் தெருவில் மணி அடித்தால் அந்தத் தெருவில் ஒருவன் அடிப்பான். அவன் அடித்தால் அதற்கும் அப்பால் ஒருத்தி அடிப்பாள். இப்படியே போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குக்கூட உதவித்தொகை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். மீன்களும் போனை எடுத்துப் பேசியதாகச் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

காய்ச்சல் ஓய்ந்து கடை திறந்த அன்று, மேல் வீட்டு மாமாதான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய சாமான் கடைக்காரர் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார். அப்பா வெட்ட வெட்ட, உள்ளேயிருந்து இரண்டு பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி, அவர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த வீட்டுச் சாவி எல்லாம் கிடைத்தன. கடைசியில் ஒரு முகமும் கிடைத்தது. நல்ல முகம்.

ஊர் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பகுதியில் இன்றைக்கும் யாராவது சைக்கிள் மணியை அடித்தால், தெருவில் நடக்கிற பாதிப் பேர் போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆமா, நான்தான்," என்பார்கள்.

கொக்கியின் வீட்டுச் சுவர் இப்போது ஹலோ சொல்வதில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சரியாக, "கொக்கி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறது.

தம்பிதான் முந்திக்கொண்டு, "இல்லை," என்கிறான். அப்படிச் சொன்னால் மேலிருந்து வாளியில் ஒரு பிஸ்கட் இறங்கும்.